அந்தப் பணம் யாருடையது?

போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். அன்று அங்கே கல்யாணம் இல்லை. ஆன்லைன் தொழில் விளக்கக் கூட்டம். கூப்பிட்டவர் எங்கள் பகுத்தறிவு இயக்கத்தில் இருக்கும் ஓர் இளம் தோழர். அதற்கு நான்கு மாதம் முன்புதான் வாஸ்து மோசடியைப் பற்றி என்னைத் தெருமுனையில் பேச வைத்திருந்தார். போலீஸ் அனுமதி வாங்கியதும் அவர்தான், மைக் செட்டுக்குக் கைக்காசு கொடுத்ததும் அவர்தான். "சும்மா வந்து கேளுங்க தோழர். பிடிச்சாச் செய்யலாம், இல்லாட்டி டீ குடிச்சிட்டுப் போயிரலாம்" என்றார். வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

முன்னூறு பேர் இருப்பார்கள். பாதிக்கு மேல் பெண்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள், இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்த விசைத்தறிக்காரர்கள், பட்டம் வாங்கி மூன்று வருடமாகியும் வேலை கிடைக்காத பையன்கள். மேடையில் கோட்டுப் போட்ட ஒருவர். "உங்க கையில இருக்கிற போன்தான் உங்க கடை. வாடகை இல்லை, கரண்ட் பில் இல்லை, முதலாளி இல்லை" என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கைதட்டல். பிறகு ஒரு பெண் மேடையேறி, சிலிண்டர் வாங்கக் காசில்லாமல் அழுத நாளைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கைப்பேசியை உயர்த்தித் தன் கணக்கில் விழுந்த பணத்தைக் காட்டினார். அதற்கு 'பேமெண்ட் ப்ரூஃப்' என்று பெயர். அந்தப் படம் பெரிய திரையில் வந்ததும் மண்டபமே எழுந்து நின்றது.

சாமியார் மேடைகளையும் சுகமளிக்கும் கூட்டங்களையும் ஐம்பது ஆண்டாகப் பார்த்து வருகிறேன். குணமானதாகச் சொல்கிறவரை மேடையேற்றுவார்கள். குணமாகாமல் வீடு திரும்பியவர்களை யாரும் எண்ணுவதில்லை. இந்த மண்டபத்திலும் பணம் வந்தவருக்குத்தான் மைக். கட்டிய பணத்தை இழந்தவர் அந்த ஊரில் எத்தனை பேர் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

விற்கிற பொருள் என்ன என்று கவனமாகக் கேட்டேன். 5,000 ரூபாய் கட்டினால் இருபத்தொரு வீடியோ. ஆன்லைனில் எப்படி விற்பது என்று அவை சொல்லித்தரும். எதை விற்பது? அதே இருபத்தொரு வீடியோவை. ஓர் ஆளைச் சேர்த்துவிட்டால் 2,000 ரூபாய் நமக்கு. அந்த ஆள் ஓர் ஆளைச் சேர்த்தால் அதிலும் ஒரு பங்கு. ஆளுக்கு ஆறு பேர் போதும், பிறகு உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார் கோட்டுக்காரர்.

கேள்வி நேரத்தில் கை தூக்கினேன். "இந்தத் தொழிலில் சேருகிற எண்ணமே இல்லாத ஒருவர், பொருள் நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இந்த வீடியோவை வாங்கியிருக்கிறாரா? ஒரே ஒருவர்?" என்று கேட்டேன். "அய்யாவுக்கு அடுத்த செஷன்ல பதில் வரும்" என்றார். அடுத்த செஷனில், எதிர்மறையாகப் பேசுகிறவர்களைத் தொலைபேசியிலிருந்தே நீக்கிவிட வேண்டும் என்று ஒருவர் பாடம் எடுத்தார். பக்கத்தில் இருந்த தோழர் என் கையைப் பிடித்து, "எல்லார் முன்னாடியும் இப்படிக் கேக்காதீங்க" என்றார். வாஸ்துக்காரனைக் கேள்வி கேள் என்று எனக்கு மைக் பிடித்துக் கொடுத்த அதே கை.

டாக்டர் ஆபிரகாம் கோவூரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் தாவரவியல் ஆசிரியராகப் போய், இலங்கைப் பகுத்தறிவாளர்களின் தலைவராக வாழ்ந்தவர். 1963இல் ஓர் அறைகூவல் விட்டார். அற்புத சக்தி இருப்பதாகச் சொல்கிறவர்கள், ஏமாற்ற வழியில்லாத சூழ்நிலையில் அதைச் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய். மூடிய உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைப் படித்தாலே போதும். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணம் அவரிடமேதான் இருந்தது.

கோவூர் இன்று இருந்திருந்தால் திருநீறு வரவழைக்கிறவர்களோடு இந்த மேடைக்காரர்களையும் கூப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறேன். திரையைப் படம் பிடித்த பேமெண்ட் ப்ரூஃப் வேண்டாம். மூன்று ஆண்டு வங்கிக் கணக்கை வை. வந்ததில் எவ்வளவு பொருள் விற்று வந்தது, எவ்வளவு ஆள் சேர்த்து வந்தது என்று பிரித்துக் காட்டு. கட்டியவர் பட்டியலையும் அதில் போட்ட பணத்தைத் திரும்ப எடுத்தவர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வை. உறைக்குள் இருக்கும் நோட்டைப் படிப்பதைவிட இது எளிது. உண்மையான கடைக்காரர் ஆண்டுதோறும் தன் ஆடிட்டரிடம் இதைத்தான் செய்கிறார்.

மண்டபத்து வாசலில் டீ குடித்துக்கொண்டே தோழரிடம் அந்த ஆறு பேர் கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்கிறார். அந்த ஆறு பேர் முப்பத்தாறு. அவர்கள் 216. பிறகு 1,296. ஐந்தாம் படியில் 7,776. ஆறாம் படியில் 46,656. ஏழாம் படியில் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். எட்டில் பதினாறு லட்சத்து எழுபத்தொன்பதாயிரம். ஒன்பதில் ஒரு கோடி. பத்தாம் படியில் 6 கோடியே 4 லட்சம். இந்தப் பத்துப் படியையும் கூட்டினால் 7 கோடியே 25 லட்சம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் இருந்தவர்கள் 7 கோடியே 21 லட்சம் பேர். அதாவது தொட்டில் குழந்தையிலிருந்து படுக்கையில் கிடக்கிற கிழவர்வரை அத்தனை பேரும் 5,000 ரூபாய் கட்டினாலும் பத்தாவது படி நிரம்பாது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பத்தாம் படிவரை போகவே வேண்டாம். எந்தப் படியில் நின்றாலும், சேர்ந்தவர்களில் ஆறில் ஐந்து பேர் கடைசிப் படியில்தான் நிற்பார்கள். அவர்களுக்குக் கீழே ஆள் கிடையாது, கட்டியது போனதுதான். இது திட்டம் கெட்டுப்போனால் நடப்பது அல்ல, சரியாக ஓடும்போதே நடப்பது. ஆளுக்கு ஆறு என்று முடிவு செய்த அன்றே, ஆறில் ஐந்து பேர் இழக்க வேண்டும் என்றும் முடிவாகிவிட்டது. ஒருவன் ஏமாற்றினான், நிர்வாகம் சரியில்லை, போலீஸ் நிறுத்திவிட்டது என்றெல்லாம் பிறகு சொல்வார்கள். எதுவுமே நடக்காவிட்டாலும் அந்த ஐந்து பேருக்குப் பணம் வராது.

தோழர் கணக்கைப் பார்த்தார். மறுக்கவில்லை. "தெரியும் தோழர். ஆனா நாம சீக்கிரமே சேர்ந்துட்டோம். மேல இருக்கோம்" என்றார்.

அந்தப் பதிலில் இருந்து நான் இன்னும் மீளவில்லை. கணக்குத் தெரியாதவன்தான் இதில் விழுகிறான், கணக்கைச் சொல்லிக் கொடுத்தால் எழுந்துவிடுவான் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். இவருக்குக் கணக்குத் தெரிகிறது. தனக்குப் பின்னால் வருகிறவன் இழப்பான் என்றும் தெரிகிறது. தெரிந்துதான் சீக்கிரம் சேர்ந்திருக்கிறார். அறியாமையை எதிர்க்க நமக்குத் தெரியும்; அதற்காகவே புத்தகம் போட்டோம், கூட்டம் போட்டோம். தெரிந்தே செய்கிறவனிடம் என்ன பேசுவது?

இந்தக் கொங்கு மண்ணில் இது புதிதும் இல்லை. பெருந்துறையில் ஈமு கோழி என்று சொல்லிப் பணம் திரட்டினார்கள். 2012இல் அது சரிந்தது. திருப்பூரில் இணையம் வழியாக அன்னியச் செலாவணி வணிகம் என்று சொல்லித் திரட்டினார்கள். 2022 ஆகஸ்டில் கோவை நீதிமன்றம் அந்த வழக்கில் இருவருக்கு 27 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2024 ஜனவரியில், கைப்பேசியில் விளம்பரம் பார்த்தால் பணம் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தின் மீது வழக்குப் பதிவானபோது, ஆயிரக்கணக்கானவர்கள் கோவை நீலம்பூர் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் திரண்டார்கள். என் பணம் என்னவாகும் என்று கேட்பதற்காக வந்த கூட்டம் இல்லை அது. நிறுவனத்துக்கு ஆதரவாக வந்த கூட்டம்.

உழைப்புக்குப் பெயர் போன ஊர்கள் இவை. ஒரு ரூபாய்க்கு மூன்று முறை கணக்குப் பார்க்கிற வியாபாரிகளின் ஊர்கள். பெரியாரே இந்த ஈரோட்டில் மண்டி வியாபாரம் செய்தவர்தான். அந்த ஊர்க்காரர்களுக்கு ஏன் திரும்பத் திரும்ப இது நடக்கிறது என்று யோசித்திருக்கிறேன். அறிமுகமில்லாத ஒருவர் வந்து நூல் கடனுக்குக் கேட்டால், நாலு பேரிடம் விசாரிக்காமல் கொடுக்க மாட்டார்கள். ஆனால் மச்சான் சொன்னால், பங்காளி சொன்னால், பையனின் வகுப்பு ஆசிரியர் சொன்னால் கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்பது மரியாதை இல்லை. "நம்ம மாமா சொல்றார், அவரைப் போய்க் கணக்குக் கேக்கிறதா?" என்பார்கள். இந்தத் திட்டக்காரர்களுக்குத் தேவைப்படுகிற மூலதனம் அந்தக் கூச்சம்தான். நம் சொந்தக்காரர்கள் பட்டியலை ஒரு நோட்டில் எழுதச் சொல்வதுதான் இவர்கள் தருகிற முதல் வேலை. நானே பார்த்தேன், மண்டபத்தில் ஆளுக்கொரு கோடு போட்ட தாளைக் கொடுத்து நூறு பெயர் எழுதச் சொன்னார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த பெண் முதல் பெயராக 'அம்மா' என்று எழுதினார்.

கடவுளைக் கேள்வி கேட்கத் துணிந்த நாம் மாமாவைக் கேள்வி கேட்கக் கூசுகிறோம். நம் இயக்கத்துக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என்னையும் சேர்த்துத்தான். 1997இல் நான் ஒரு தேக்குமரத் திட்டத்தில் பணம் போட்டேன். மரத்துக்கு இவ்வளவு என்று கட்டினால், இருபது ஆண்டில் பல மடங்கு. செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் வந்த காலம் அது. ஆள் சேர்த்தால் ஆளுக்கு 600 ரூபாய் கமிஷன். அலுவலகத்தில் மூன்று பேரைச் சேர்த்தேன். அவர்களில் ஒருவர் தட்டச்சர். மகளை நர்சிங் படிக்க வைக்கச் சேர்த்திருந்த 40,000 ரூபாயைப் போட்டார். நான் பொய் சொல்ல மாட்டேன், ஜாதகம் பார்க்காதவன், கறுப்புச் சட்டைக்காரன். ஆகையால் நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தார். பகுத்தறிவுக்காரன் என்று எனக்கிருந்த பெயரைத்தான் 600 ரூபாய்க்கு விற்றேன். அந்த 1,800 ரூபாயில் வீட்டுக்குக் குக்கர் வாங்கினோம். நிறுவனம் மறு ஆண்டே மூடிவிட்டது. நான் சிறிய தொகை போட்டிருந்தேன், பெரிய இழப்பு இல்லை.

தட்டச்சர் என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. அவர் கேட்காததால் நானும் பேசவில்லை. பதினான்கு ஆண்டு கழித்து, 2011இல் ஓய்வு பெற்று மொத்தமாகப் பணம் கைக்கு வந்தபோது 40,000 ரூபாயை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எண்ணி முடித்துவிட்டு, "பணம் போனதுகூடப் பரவாயில்லைங்க. அதுக்கப்புறம் நீங்க எங்கூட டீ குடிக்க வர்றதையே நிறுத்திட்டீங்க" என்றார்.

மேலே இருந்தவன் சம்பாதித்த பணம் அவனுடையதா என்ற கேள்வியை உலகம் ஏற்கெனவே கேட்டிருக்கிறது. நியூயார்க்கில் பெர்னார்ட் மேடாஃப் நடத்திய மாபெரும் மோசடி 2008இல் வெளிப்பட்டது. புதிதாக வருகிறவர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு லாபம் என்று கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் போட்டதற்கு மேல் எடுத்தவர்கள் பலர். தெரியாமல்தான் எடுத்தோம் என்றார்கள். நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர், தெரிந்தோ தெரியாமலோ எடுத்த அதிகப் பணம் இழந்தவர்களுடையது, திருப்பிக் கொடு என்று அவர்கள்மேல் வழக்குப் போட்டார். ஜெஃப்ரி பிக்கோவர் என்ற முதலீட்டாளர் இறந்த பிறகு, 2010 டிசம்பரில் அவருடைய மனைவி 720 கோடி டாலரைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். இழந்தவர்களுக்குப் பெரும்பங்கு திரும்பக் கிடைத்தது, முக்கியமாக இப்படி லாபம் பார்த்தவர்களிடமிருந்து வாங்கியதால்தான்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. பரிசுச் சீட்டுகளையும் பணச்சுழற்சித் திட்டங்களையும் தடை செய்து 1978இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. நடத்துகிறவர் மட்டுமல்ல, உறுப்பினராகச் சேருகிறவரும் அந்தச் சட்டப்படி குற்றவாளி; மூன்றாண்டுவரை சிறை உண்டு. 2021இல் வந்த நேரடி விற்பனை விதிகளும் ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் பிரமிடுத் திட்டத்தைத் தடை செய்கின்றன. மண்டபத்துக்கு வந்த முன்னூறு பேரில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? போலீஸ் வந்தால் நாம் பாதிக்கப்பட்டவர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள்.

அன்று மண்டபத்து வாசலில் என் கணக்கைக் கேட்டுவிட்டுத் தோழர் என்னைத் திருப்பிக் கேட்டார். "அப்ப எங்களை மாதிரி ஆளுங்க என்னதான் செய்யறது? பனியன் கம்பெனிக்கே போறதா? ஆன்லைன்ல யாருமே சம்பாதிக்கலையா?"

நியாயமான கேள்வி. சம்பாதிக்கிறார்கள். என் சின்னம்மா மகள் சேலம் பக்கம் இருக்கிறாள். இளம்பிள்ளையில் சேலை எடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறாள். அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற நாற்பது பக்க நோட்டு. இடப்பக்கம் அனுப்பியது, வலப்பக்கம் வந்தது. ஒரு மாதத்தில் 64 சேலை போயிருக்கிறது. சேலை 520 ரூபாய்க்கு எடுக்கிறாள், 680க்கு விற்கிறாள். கூரியர் 70 ரூபாய் இவள் தலையில். ஷிப்பிங் தனி என்று போட்டால் ஆர்டர் வருவதில்லை. கவர் 5 ரூபாய். மிச்சம் 85. ஏழு சேலை ரிட்டர்ன் வந்தது. போனதற்கும் வந்ததற்கும் கூரியர் 140 வீதம் 980, கவருக்கு 35. வந்த ஏழில் ஒன்றில் மஞ்சள் கறை, இனி விற்க முடியாது, 520 போனது. 'ஓப்பனிங் வீடியோ இல்லாமல் டேமேஜ் ஏற்க மாட்டோம்' என்று ஸ்டேட்டஸில் போடுவது அதற்குப் பிறகு வந்த பழக்கம். போன் ரீசார்ஜ் 299. எல்லாம் கழித்து அந்த மாதம் அவள் கையில் நின்றது 3,011 ரூபாய்.

இந்த 3,011ஐ அந்த மண்டபத்தில் திரையில் காட்டினால் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். நான் எழுந்து நிற்பேன். அந்தப் பணத்தில் ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்தது என்று அவளால் சொல்ல முடியும். நாகர்கோவிலில் ஒரு டீச்சர், ஒசூரில் ஒரு கம்பெனிப் பெண், துபாயில் இருக்கிற மகனிடம் காசு வாங்கிய ஒரு தாய். அவர்களிடம் பணத்துக்குப் பதில் சேலை இருக்கிறது. யாருடைய இழப்பும் அந்த நோட்டில் இல்லை. 2016இல் யுபிஐ வந்திராவிட்டால், முகம் தெரியாத டீச்சர் இவளுக்கு 680 ரூபாயை ஒரு நொடியில் அனுப்பியிருக்க முடியாது. கருவி நல்ல கருவிதான்.

ஓர் ஊரே இப்படிப் பிழைத்ததும் உண்டு. சீனாவில் சியாங்சு மாகாணத்தில் டோங்ஃபெங் என்று ஒரு கிராமம். பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்துப் பிழைத்த ஊர். 2006இல் சுன் ஹான் என்ற இளைஞர் தாவ்பாவோ இணையச் சந்தையில் கடை திறந்து, எளிமையான மர அலமாரிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துச் செய்தார்கள். தச்சு, பெயின்ட், அட்டைப்பெட்டி, லாரி என்று ஊரே அந்தத் தொழிலில் இறங்கியது. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததால் விலை இறங்கியது, போட்டி வந்தது, லாபம் மெலிந்தது. அந்த வலியும் உண்மைதான். ஆனாலும் அலமாரி ஊரைவிட்டு வெளியே போனது, பணம் வெளியிலிருந்து ஊருக்குள் வந்தது. மண்டபத்தில் பார்த்த தொழிலில் பணம் ஊருக்குள்ளேயே, ஒரு வீட்டுப் பீரோவிலிருந்து இன்னொரு வீட்டுப் பீரோவுக்குப் போகிறது. வழியில் கோட்டுக்காரர் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார்.

பொருளை வாங்க உண்மையான ஆள் இருந்துவிட்டால் மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. வடக்கு மாசிடோனியாவில் வேலெஸ் என்ற சிறு நகரம். பீங்கான் ஆலையும் ஈய ஆலையும் மூடிப்போய் வேலை இல்லாமல் கிடந்தது. 2016 அமெரிக்கத் தேர்தலின்போது அந்த ஊர் இளைஞர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை நடத்தினார்கள். பொய்ச் செய்திகளை எழுதி ஃபேஸ்புக்கில் பரப்பினார்கள், அமெரிக்கர்கள் படித்தார்கள், விளம்பரப் பணம் வந்தது. வாடிக்கையாளர் உண்டு, வருமானம் உண்டு, ஆள் சேர்ப்பும் இல்லை. நாங்கள் ஏழைகள், எங்களுக்கு அந்த நாட்டு அரசியலில் என்ன அக்கறை என்றார்கள். வறுமையைக் காரணம் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டால் நானும் அவர்களில் ஒருவன்தான். பொய்யை விற்றுப் பிழைத்தவனுக்கும் கலப்படப் பருப்பை விற்றவனுக்கும் வித்தியாசம் இல்லை என்பதே என் கருத்து. வாங்கியவன் பணக்கார நாட்டுக்காரன் என்பதால் கலப்படம் நல்ல சரக்காகிவிடாது.

எனவே நான் இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறேன். இந்தப் பணத்தை யார் கொடுத்தார்? கொடுத்ததற்கு அவர் கையில் என்ன இருக்கிறது? சேலை வியாபாரியைக் கேட்டால் உடனே பதில் வரும். பங்குச் சந்தை வகுப்பு நடத்துகிறவரைக் கேட்டுப் பாருங்கள். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வு, மூன்று நிதியாண்டுகளில் எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டதாகச் சொல்கிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்த வணிகத்தைச் சொல்லித்தருவதாக வகுப்பு நடத்திய ஒருவர் மீது 2023 அக்டோபரில் செபி ஓர் உத்தரவு போட்டது. அவர் இரண்டரை ஆண்டில் சந்தையில் ஏறத்தாழ 3 கோடி ரூபாய் நஷ்டப்பட்டிருக்கிறார். மாணவர்களிடமிருந்து வசூலித்தது என்று செபி கணக்கிட்டு ஒப்படைக்கச் சொன்ன தொகை 17 கோடிக்கு மேல். லாபம் சந்தையில் இல்லை, வகுப்பறையில் இருந்தது.

பொருளாதார அறிக்கைகள் நம்மை 'வளரும் சந்தை' என்கின்றன. கையில் போன் இருக்கிறது, வேலை இல்லை, சேமிப்பு கொஞ்சம் இருக்கிறது, சொந்தக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். கோட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல சந்தை கிடைக்காது. அல்பேனியாவில் கம்யூனிச ஆட்சி போய்ச் சந்தை வந்த புதிதில், மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இப்படிப்பட்ட திட்டங்களில் பணம் போட்டார்கள். வீட்டை விற்றும் மாட்டை விற்றும் போட்டார்கள். 1997இல் எல்லாம் சரிந்தது. கலவரம் வெடித்து அரசாங்கமே கவிழ்ந்தது. ஏறத்தாழ 2,000 பேர் செத்தார்கள். அங்கேயும் சீக்கிரம் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். தங்கள் பங்கை எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் எடுத்தது பக்கத்து வீட்டுக்காரனின் மாடு.

தோழர் நான்கு பேரைச் சேர்த்திருந்தார். ஒருவர் அவருடைய அக்கா. மண்டபத்துக்குப் போன மூன்றாம் வாரம் என்னைத் தேடி வந்தார்; நான் தட்டச்சர் கதையைச் சொன்னேன். வாதம் எதுவும் செய்யவில்லை. அக்காவுக்கும் இன்னொருவருக்கும் கமிஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், மிச்சம் இருவருக்கும் பொங்கலுக்குள் தருவதாகச் சொன்னார். கமிஷனைக் கொடுத்தால் மட்டும் கணக்குத் தீராது, உங்களை நம்பி அவர்கள் கட்டியது 5,000 என்றேன். யோசிக்கிறேன் என்றார். யோசிக்கட்டும், எனக்குப் பதினான்கு ஆண்டு ஆயிற்று.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படி ஒரு திட்டத்தில் சேர்ந்து, நான்கு பேரைச் சேர்த்துவிட்டு, கமிஷனும் வாங்கிவிட்டு, எனக்கு நஷ்டமில்லை என்று நிம்மதியாக இருந்தால் உங்களிடம்தான் கேட்கிறேன். அந்தப் பணம் உங்களுடையது அல்ல. அவர்கள் பெயர் உங்களுக்குத் தெரியும், எண் உங்கள் போனில் இருக்கிறது. கேட்க மாட்டார்கள், கூச்சப்படுவார்கள். நீங்களே போய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டு உட்கார்ந்து அவர்களோடு ஒரு டீ குடியுங்கள்.